இறங்காத கோடு

பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவருக்குத் தெளிவாக வருகிற ஒரே சொல் ‘விடு’. காப்பி சூடு பண்ணட்டுமா? விடு. போர்வை வேண்டுமா? விடு. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையைக் கழுவித் துடைத்து, நகம் குத்தாமலிருக்கக் கைக்குட்டையைச் சுருட்டி உள்ளே வைப்பேன். அப்போதும் அதே சொல்தான். கையைக் கழுவுகிறவள் நான், எல்லாவற்றையும் கைகழுவிவிட்டவர் அவர் என்று எரிச்சலாக வரும்.

இறுக மூடிய அந்தக் கை தானாகத் திறக்குமா என்பதுதான் மழைக்காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் கவலை. திருச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலில் மலைக்கு வந்த நாங்கள் சோளக்காடு என்கிற ஊரில் வாடகைக்கு இருக்கிறோம். வாசலூர்பட்டியில் சின்னப் பிள்ளைகளுக்குக் குறில் நெடில் சொல்லிக்கொடுக்கிறேன். சமையல், பள்ளிக்கூடம், அவரைத் தூக்கி உட்கார வைப்பது எல்லாம் முடிந்து படுக்கும்போது எனக்குப் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். பிசியோதெரபி பார்க்கிற மலைக்காரப் பெண் அன்றைக்கு ஒரு புதுக் கருவி வைத்திருந்தாள். தசை வேலை செய்யும்போது அதில் துளி மின்சாரம் உண்டாகுமாம். தோலில் வட்டமான பேட்களை ஒட்டினால் அந்த மின்சாரத்தைப் பிடித்துத் திரையில் கோடாகக் காட்டும். இறுகினால் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும்.

“சாருக்குப் புடிக்கறதுக்குத் தெம்பு இருக்குதுங்க டீச்சர். விடத்தான் வரமாட்டேங்குது. கோடு எறங்கறதைக் கண்ணால பாத்துப் பாத்துப் பழகோணும். அதுக்கும் தளரலீன்னா சேலம் போயி ஊசி போட வேண்டியதுதானுங்க.”

அவர் முன்கையில் ஒட்டினாள். கோடு இறங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று “விடுங்க, விரலை விடுங்க” என்று வகுப்பில் கத்துவது போலக் கத்தினேன். அது இன்னும் மேலே ஏறியது.

“சித்த உக்காருங்க டீச்சர். எறங்குனா எப்புடி இருக்கும்னு உங்க கையில சாருக்குக் காட்டறேன்.”

புதிதாக இரண்டு பேட் எடுத்து என் கையில் ஒட்டினாள். விரல்களை மூடச் சொன்னாள். கோடு ஏறியது. “இப்ப சும்மா விடுங்க.”

விட்டேன். கோடு பாதி வழியில் நின்றுகொண்டது.

“விடுங்க டீச்சர்.”

“விட்டுட்டேனேம்மா.”

“இல்லீங்க, இன்னும் புடிச்சுட்டுத்தான் இருக்கறீங்க.”

“உன் மிஷின் ரிப்பேர். வேற யாராவது நல்ல கையா பாத்து ஒட்டிப் பாரு” என்று அவள்மேல் பாய்ந்தேன். பிறகுதான் குனிந்து பார்த்தேன். பஸ் கம்பியைப் பிடித்திருப்பது போல என் விரல்கள் வளைந்தே இருந்தன. தூக்க யாரும் இல்லாத, பிழியத் துணி இல்லாத நேரத்திலும் என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டது. என் கணவர்தான். கோணிய வாயோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மழைக்காலத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவே இல்லை. சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, “விடு” என்றார்.

இத்தனை நாளும் தன்னைத்தான் விடச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார், பாவம்.

நாற்காலியில் சாய்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். கை மடியில் விழுந்தது. கோடு அடிமட்டத்துக்கு இறங்கியது.

“அப்புடித்தானுங்க!” என்றாள் அந்தப் பெண். சொன்னவள் சட்டென்று நிறுத்திவிட்டுத் தரையைக் காட்டினாள். காலையில் நான் திணித்த கைக்குட்டை அங்கே கிடந்தது. சிரித்த சிரிப்பில் அவர் விரல்கள் கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், தளர்ந்திருந்தன. யாரும் குனிந்து அதை எடுக்கவில்லை.

பஸ் படி ஏறின சிரமத்தில் அவர் கை மறுபடி மூடிக்கொண்டது. பிரித்துவிடப் போனவள், மூடியிருக்கட்டும் என்று அவர் தோளில் சாய்ந்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.

அவர்தான் இடது கையால் என்னைத் தட்டி எழுப்பினார். ‘விடு’ என்று சொன்னது போலத்தான் தூக்கக் கலக்கத்தில் கேட்டது. ஜன்னலில் சோளக்காட்டுக் கடைகள் தெரிந்தன. இன்னொரு தடவை, பொறுமையாக, முதலெழுத்தை இழுத்துச் சொன்னார்.

“வீடு.”