நாலாவது லேனில் முதலில் வந்தவன்

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்பப்போவதில்லை. நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், ஒரு நீச்சல் குளத்தில், வெளியே கேட்டுக்கு முன்னால் பெருங்கூட்டம் நின்றுகொண்டிருந்தபோது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவர் இன்றும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார். குடிப்பழக்கம் கிடையாது. கதை கட்டுகிற சாமர்த்தியம் சுத்தமாகக் கிடையாது. அவர் சொன்னதில் உப்போ காரமோ நான் சேர்க்கவில்லை.

அவரை எல்லோரும் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். வயசுக் காலத்தில் நாட்டிலேயே வேகமான நீச்சல்காரர்களில் இரண்டாவது ஆள். முதலாவது ஆளுக்கு மீன்கொத்தி என்று பட்டப்பெயர். மேடையிலிருந்து அவன் தண்ணீருக்குள் பாய்ந்தால் சத்தமே வராது. அப்படி ஒரு பாய்ச்சல்.

பெரிய போட்டி ஒன்றின் கடைசிச் சுற்று. நூறு மீட்டர். மீன்கொத்தி முதலில் வந்தான். கோச் இரண்டாவது. நடுவில் ஒரு விரற்கடை வித்தியாசம். அவ்வளவுதான். அந்த விரற்கடைக்கு அவனை ஊரே தோளில் தூக்கியது. இவர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

சில வருடம் கழித்து, மீன்கொத்தி ஊக்க மருந்து போட்டுக்கொண்டு நீந்தினான் என்பது வெளியே வந்தது. பதக்கத்தைப் பிடுங்கி கோச்சிடம் கொடுத்தார்கள். ஒரு ஆபீஸ் அறையில் வைத்து, அதிகாரி போனில் பேசிக்கொண்டே கொடுத்தார். கை தட்ட ஆள் இல்லை. மின்விசிறிதான் கடகடவென்று சத்தம் போட்டது.

ஆனாலும் கோச்சுக்கு அது போதுமாயிருந்தது. ஏனென்றால் ஊர் இப்போது மீன்கொத்தியைக் காறித் துப்பியது. குளத்துச் சுவரில் தொங்கிய அவன் படத்தைக் கழற்றி மோட்டார் அறையில் போட்டார்கள். சோப்பு விளம்பரத்தில் இருந்த அவன் முகத்தில் யாரோ தாரைப் பூசினார்கள். பிள்ளைகள் அவன் வீட்டு வாசலில் நின்று "ஊசி! ஊசி!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். அவன் வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டான். தங்கம் கைக்கு வந்தபோது வராத தூக்கம், அவன் தலைகுனிந்தபோது கோச்சுக்கு வந்தது.

அப்புறம் ஒரு நாள் மீன்கொத்தி செத்துப்போனான். தூக்கத்திலேயே மாரடைப்பு.

செய்தி வந்த கொஞ்ச நேரத்திலேயே குளத்து கேட்டில் பூக்கள் குவிந்தன. மெழுகுவத்திகள், பழைய போஸ்டர்கள், அட்டையில் எழுதிய வாசகங்கள். எல்லாம் தார் பூசிய அதே ஊர்தான். எதிர் டீக்கடைக்காரர், அவன் பெயரைச் சொன்னாலே முகத்தைச் சுளிப்பவர், கடையை மூடிவிட்டு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "என்ன இருந்தாலும் நம்ம புள்ள." சலூனில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் ஒரே பேச்சு. "எல்லாந்தான் போடுறானுங்க, இவன் ஒருத்தன் மாட்டிக்கிட்டான்." "நாமளே பேசிப் பேசிக் கொன்னுட்டோம்."

கோச்சுக்கு வயிறு எரிந்தது. 

பத்திரிகையிலிருந்து ஒருவன் போன் செய்தான். "சார், நீங்க அவரோட நீந்தி ரெண்டாவது வந்தவர்தானே?"

"மொதல்ல வந்தவன்."

"இல்ல சார், அந்த நூறு மீட்டர்ல..."

"அதுலதான். பதக்கம் எங்கிட்டதான் இருக்கு."

"ஓ..." என்றான். "சரி சார், அவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

வீட்டுக்குள் வந்தால் மனைவி டிவி முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?"

"செத்துப்போனவர்மேல என்னங்க கோவம்?"

"நான் செத்தா இப்படி வருமா கூட்டம்?"

"வாயக் கழுவுங்க" என்றாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்தாள். அந்த ஒரு நொடி அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

மீன்கொத்தியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்ததால் உடலை வீட்டிலேயே ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். அடுத்த நாள் குளத்துக்கு விடுமுறை. கோச் சாவியை வாங்கப் போனபோது, கழற்றிப்போட்ட அந்தப் படம் துடைத்து, பழையபடி சுவரில் மாட்டப்பட்டிருந்தது. கீழே ஒரு அட்டை. இனி நாலாவது லேனில் யாரும் நீந்தக்கூடாதாம். அது அவனுடைய லேன். நிர்வாகத்தின் முடிவு.

"நான் சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன் கோச்" என்றார் குளத்துத் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் மோட்டார்காரர். "நீங்க வரல?"

"நாளைக்கு."

மோட்டார்காரர் போனதும் கோச் கதவை உள்ளே தாழ் போட்டார். மத்தியானம் மூன்று மணி இருக்கும். குளம் பளிங்கு மாதிரி அசையாமல் கிடந்தது. மேலே கண்ணாடிக் கூரை வழியாக வெயில். விளக்குகள் அணைந்திருந்தன. ஜன்னல் வழியாகக் கூட்டத்தின் சத்தம் அலை அலையாக வந்தது. அவன் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர் உடை மாற்றிக்கொண்டார். நேராக நாலாவது மேடைக்குப் போனார். யாரும் நீந்தக்கூடாதா? யாரைக் கேட்டு? அவனுக்கு ஒரு லேனாம். உயிரோடு இருக்கிறவனுக்கு ஒரு ஆணியில் தொங்க ஒரு படம் கிடையாது!

மேடையில் காலை வைத்தார். ஈரம்.

காலையிலிருந்து யாரும் குளத்தில் இறங்கவில்லை. மற்ற மேடைகளைப் பார்த்தார். எல்லாம் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. இது மட்டும் ஈரம். மோட்டார்காரர் கழுவியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் தரையைப் பார்த்தார். ஈரக் காலடிகள். மேடையை நோக்கி வந்திருந்தன. கதவிலிருந்து வரவில்லை. குளியலறையிலிருந்து வரவில்லை. படம் மாட்டியிருந்த சுவரடியிலிருந்து ஆரம்பித்திருந்தன.

திரும்பிப் போன அடையாளம் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். கோச்சுக்கும் முதுகு சில்லிட்டது. ஆனால் வெளியே மறுபடியும் அந்தப் பெயர் எழும்பியது. கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டல் காதில் விழுந்ததும் பயம் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தார்.

தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. வெயில் பட்டுக் கிடந்த தண்ணீர், அப்படிக் குளிரக் காரணமே இல்லை. தலையைத் தூக்கி மூச்சு எடுத்தார். கூட்டத்தின் சத்தம் இல்லை. மறுபடியும் மூச்சு எடுத்தார். இல்லை. யாரோ கதவைச் சாத்தினாற்போல ஊரே அடங்கிவிட்டது. அவர் கைகள் தண்ணீரை அறையும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சளக்... சளக்... சளக்...

இல்லை. அவர் கைக்குக் கொஞ்சம் முன்னாலேயே அது கேட்டது.

கீழே பார்த்தார். நீலத் தரையில் அவருடைய நிழல் ஓடிக்கொண்டிருந்தது. கை நீட்டினார். நிழலும் நீட்டியது. நெஞ்சு கொஞ்சம் சமாதானமானது. நிழல்தானே.

ஆனால் அது ஒரு விரற்கடை முன்னால் போனது.

வெயில் சாய்ந்திருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தார். சுவர் நெருங்கியது. திரும்ப இன்னும் இரண்டு கை வீச்சு இருந்தது.

நிழல் திரும்பிவிட்டது.

அவர் இன்னும் சுவரைத் தொடவே இல்லை. அது அவருக்கு அடியில், எதிர்ப்பக்கமாக, அவரைக் கடந்து போனது. கடக்கும்போது முகத்தில் குளிர் அடித்தது.

மூச்சு எடுக்கத் தலையைச் சாய்த்தார். கூரை தெரிந்தது. கண்ணாடிக்கு மேலே மேகம் கருத்துக் கிடந்தது.

வெயிலே இல்லை.

வெயில் இல்லாமல் நிழல் எங்கிருந்து...?

கரையேறியிருக்கலாம். பக்கத்திலேயே படி இருந்தது. அவரே சொல்கிறார், "ஏறணும்னுதான் தோணுச்சு. ஆனா அவன் முன்னாடி போறானே..."

சுவரை உதைத்துத் திரும்பினார். துரத்தினார். இருபது வருடமாக நீந்தாத வேகத்தில் நீந்தினார். நெஞ்சு வெடிக்கும்போல இருந்தது. கண்ணுக்குள் கருப்பு கட்டியது. விடவில்லை.

நிழல் நெருங்கியது.

இடுப்பளவுக்கு வந்துவிட்டார்.

தோளளவுக்கு...

சுவர் தெரிந்தது. கடைசி வீச்சு. உடம்பு முழுவதையும் விரல் நுனிக்குக் கொண்டுவந்து, நீட்டி, அறைந்தார்.

டப்!

அவர் கை சுவரில் படவில்லை.

சுவரில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

அதன் புறங்கையில் இவருடைய விரல்கள் பதிந்திருந்தன. ஐஸ் மாதிரி. ஊறிப்போய், கொழகொழவென்று...

கத்தினார். வாய்க்குள் தண்ணீர் போனது.

எப்படிக் கரையேறினார், எப்படித் தாழைத் திறந்தார் என்று அவருக்கு நினைவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தவரை மோட்டார்காரர்தான் வந்து எழுப்பினார்.

"என்னாச்சு கோச்? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. தசை பிடிச்சுக்கிச்சு."

வெளியே கூட்டம் நின்ற இடத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. கேட்டில் நின்றவர்களைக் கேட்டால், நடுவில் ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தார். நான்கு விரல்களின் நகக்கண்ணிலும் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. ஊறிப்போன சோப்புத் துணுக்கு மாதிரி. சுரண்டிச் சுரண்டிக் கழுவினார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் அடக்கம். "ஊரே போகுது, நீங்க போகலன்னா நல்லாருக்காது" என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள். தெரு கொள்ளாத கூட்டம். ஆனால் வீட்டுக்குள் யாரையும் விடவில்லை. பெட்டியைச் சுற்றித் துணி கட்டி மறைத்திருந்தார்கள். மீன்கொத்தியின் அக்கா கோச்சை அடையாளம் கண்டுகொண்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"தம்பி, நீங்க அவனோடயே நீந்தினவரு. உங்களுக்குத் தெரிஞ்சாலும் தெரியும். ஒண்ணு காட்டறேன், பாத்துட்டு சொல்லுங்க."

"என்னக்கா?"

"நேத்து காலை வரைக்கும் ரெண்டு கையும் நெஞ்சுமேலதான் இருந்துச்சு. நாந்தான் வெச்சேன். நேத்து மத்தியானம் மூணு மணி இருக்கும், பெட்டிக்குள்ள டப்புனு ஒரு சத்தம். ஓடிவந்து பாத்தா..."

அவள் துணியை விலக்கினாள்.

வலது கை தலைக்கு மேலே முழுசாக நீண்டிருந்தது. விரல் நுனிகள் பெட்டியின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தன. ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்ததுபோல அந்த விரல்களெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தன.

"மடக்கவே முடியல தம்பி. நாலு பேர் புடிச்சுப் பாத்தாங்க. டாக்டரக் கூட்டிட்டு வந்தோம், அவரும் கைய விரிச்சுட்டாரு. இங்க பாருங்க, இதுவும் நேத்து காலைல இல்ல."

புறங்கையைக் காட்டினாள். தோல் வழன்று, நீளமாக நான்கு கீறல்கள்.

கோச் தன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் புரியலக்கா."

"வெளிய யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள் அவள், துணியை மூடியபடி. "இப்பத்தான் அவனப் பத்தி நல்லதா பேசறாங்க."

கடையிலிருந்து வாங்கி வந்த சவப்பெட்டி அவனுக்குப் போதவில்லை. தச்சரைக் கூப்பிட்டு, வாசலிலேயே வைத்து, ஒரு முழம் நீளமாக வேறொன்று செய்தார்கள். கையை நீட்டியபடியே அவனைப் புதைத்தார்கள்.