வலிக்கிற பல்லைச் சொல்லாத செக்கர்

பேருந்துகளில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலையிலேயே தலை நரைத்தவர் அவர். டிப்போவில் எல்லோரும் அவரை 'செக்கர்' என்பார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். மனிதன் வாயைத் திறந்தால் பொய்தான் வரும் என்பது பேருந்துப் படிக்கட்டில் அவருக்குக் கிடைத்த ஞானம். அதனால் எந்தப் பயணியிடமும் "டிக்கெட் எடுத்தீங்களா?" என்று கேட்க மாட்டார். பேசாமல் கையை நீட்டுவார். பாதிப் பேர் அதிலேயே வியர்த்துவிடுவார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்குப் பல்வலி வந்தது. இடப்பக்கம், கீழ் வரிசை, கடைசிக்கு முந்திய பல். ரொட்டியின் ஓரத்தைக் கடித்தால் உச்சந்தலைவரை சுரீரென்று ஏறும். வாயைத் திறந்தால் வலி போய்விடும். வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் ஏற்கெனவே ஒவ்வொன்றாக விடைபெற்றுவிட்டன. மெல்லுவதற்கென்று மிச்சமிருந்தது இந்த இடப்பக்கம் ஒன்றுதான். இதுவும் போனால் காலத்துக்கும் குழைத்ததை விழுங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அந்தப் பயம் அவரை நிஜமாகவே ஆட்டியது.

முதலில் போன இடத்தில் கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, பளபளவென்று ஓர் இளம் டாக்டர்.

"எந்தப் பல் சார் வலிக்குது?"

"அதை நீங்கதான் சொல்லணும், டாக்டர்."

பல்லை நாமே காட்டிக் கொடுத்தால், 'ஆமாம், அதேதான்' என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். காட்டாமலே கண்டுபிடிக்கிறவர்தான் டாக்டர். இது செக்கர் வகுத்த பரீட்சை. டாக்டர் படம் எடுத்தார், பெரிய திரையில் போட்டார், நான்கு பற்களுக்கு வேர் சிகிச்சை என்றார். அந்த நான்கில் வலிக்கிற பல் இல்லை. டாக்டர் பெயில். செக்கர் வெற்றி வீரராக வீடு திரும்பி, வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டாமவர் மாடிப்படிக்கு மேலே ஒரு சின்ன அறையில் இருந்த பெரியவர். "பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஈறுதான் கொஞ்சம் வீங்கியிருக்கு. உப்புத் தண்ணி கொப்பளிங்க, போதும்" என்றார். மூன்றாவதாகப் பார்த்த அம்மாள், இடப்பக்க மேல்வரிசையில் ஒரு பழைய அடைப்பைத் தட்டிப் பார்த்து, அதற்கு அடியில் சொத்தை இறங்கிவிட்டது, அந்தப் பல்லை எடுத்துவிட வேண்டும் என்றார்.

"மூணு பேரும் ஆளுக்கொரு வாயையா பார்த்தாங்க?" என்றாள் மனைவி. "வலிக்கிற பல்லை விரலால தொட்டுக் காட்டினா உங்க கௌரவம் குறைஞ்சிடுமா?"

"நானே காட்டிட்டா அப்புறம் அவங்க எதுக்கு?"

"அப்ப நல்லா வலிக்கட்டும். பரீட்சை வச்சவருக்கே தண்டனை, அவ்வளவுதானே."

வாரங்கள் ஓடின. நான்காம் டாக்டரும் அந்த மேல் பல்லைத்தான் சொன்னார். அங்கே வலியே இல்லையே என்றார் செக்கர். "ஒரு பல்லுல காரணம் இருக்கும், வலி வேற பல்லுல தெரியும் சார். அப்படியும் நடக்கும்."

செக்கர் அசந்துபோனார். இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொல்கிறார்கள். அப்படியானால் பொய் சொல்வது யார்? கீழ்ப்பல்தான். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவர் கடைசியில் தன் பல்லையே சந்தேகப்பட்டார். மேல் பல்லை எடுக்கச் சொல்லி வாயைத் திறந்தார்.

மரத்துப்போனது தெளிந்ததும் ஒரு விள்ளல் ரொட்டியை மென்றார். சுரீர்! அதே இடம்.

மறுநாள் அதே டாக்டரிடம் போனபோது மனைவியும் கூடவே வந்தாள். செக்கர் முதல் தடவையாக விரலை வைத்துக் காட்டினார். டாக்டர் அந்தப் பல்லின்மேல் ஒரு மரக்குச்சியை வைத்து, கடிக்கச் சொன்னார். செக்கர் நாற்காலியைவிட்டு எழும்பிவிட்டார்.

"விரிசல் விட்டிருக்கு. இதெல்லாம் படத்துல தெரியாது. இப்ப வேர்வரைக்கும் பிளந்துடுச்சு, எடுக்கத்தான் வேணும். வலி ஆரம்பிச்சப்பவே காட்டியிருந்தா மேல உறை போட்டுக் காப்பாத்தியிருக்கலாம்."

"அப்ப நேத்து எடுத்த பல்லு?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "அதுவும் என்னைக்காவது எடுக்க வேண்டியதுதான்."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று செக்கர் மனைவியைப் பார்த்தார். அவளோ அவர் தோளில் கையை வைத்தாள். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

ஊசி போட்டாயிற்று. டாக்டர் இடுக்கியோடு குனிந்தார். செக்கரின் விரல் அந்தப் பல்லின்மேல் ஊன்றியபடி இருந்தது.

"விரலை எடுங்க சார்."

"இதுதான் டாக்டர்" என்று வாய் குழறியது.

"தெரியும் சார். எடுங்க."

"இதுதான்" என்றார் செக்கர், விரலை எடுக்காமல்.