மைக் நானா கேட்கும் ஒரு வசனம்

செத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார் நெய்னார். இறந்தவரின் பெயர், ஊர், அடக்கம் எப்போது என்பதெல்லாம் கேட்டாயிற்று. ஆனாலும் போகவில்லை. அழுது முகம் வீங்கிய மூத்த மகனிடம் மெதுவாகக் கேட்கிறார்.

"இவர் என்னத்துக்கு வாழ்ந்தார் எண்டு ஒரு வசனம் சொல்லுங்க தம்பி."

மகன் விழிக்கிறான். "பிள்ளையளுக்காகத்தான் வாழ்ந்தவர்."

"அது எல்லா வீட்டிலயும் சொல்றது. இவருக்கு மட்டும் உள்ளது ஒண்டு சொல்லுங்க."

புத்தளத்திலிருந்து கல்பிட்டி போகும் வீதியில் நெய்னாரை மைக் நானா, அதாவது மைக் அண்ணன், என்றால்தான் தெரியும். பழைய ஓட்டோ ஒன்று, அதன் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள். மீன் வந்ததையும், ஆடு தொலைந்ததையும், கடை திறப்பதையும், சர்ச் பெருநாளையும் ஊருக்குச் சொல்பவர் அவர்தான். உடப்புக் கோயில் திருவிழாவுக்கும் கூப்பிடுவார்கள். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மரண அறிவித்தல்தான். சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரல். மைக்கைப் பிடித்துவிட்டாலோ தென்னந்தோட்டங்களைத் தாண்டிப் போகும். அறிவிப்புக்கு முன் வாயில் ஒரு கற்கண்டு போட்டுக்கொள்வார். சீனி வருத்தக்காரருக்கு இது தேவையா என்று மனைவி சுல்பா தினமும் கேட்கிறார். தினமும் போட்டுக்கொள்கிறார்.

இன்னொரு விசேஷம், வீதிக்கு இறங்கிவிட்டால் அவர் எஞ்சினை நிறுத்துவதே இல்லை. ஸ்டார்ட்டர் பழுது. ஒருமுறை நின்றுவிட்டால் நாலு பேர் தள்ள வேண்டும். பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடத்தில், அந்த வரிசையிலும் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்ற ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். அதனால் அவர் சொல்லும் எந்த மரணத்துக்கும் அடியில் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். ஊர் அதற்குப் பழகிவிட்டது.

பெயருக்கும் அடக்கத்துக்கும் நடுவில்தான் அந்த ஒரு வசனம் வரும். "பக்கத்து வீட்டுப் பூனைக்கு மீன் தலை எடுத்து வைக்காமல் சோற்றில் கை வைக்காதவர்." "கிணற்றடியில் பாடாமல் ஒருநாளும் குளிக்காதவர்." கேட்பவர்கள் ஒரு கணம் சிரித்துவிட்டு, பிறகுதான் கண்ணைத் துடைப்பார்கள். நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

எல்லோருக்கும் இது பிடிக்கும் என்றில்லை. பள்ளிவாசல் நிர்வாகி அஸ்மி ஹாஜியார் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார். "நாம துனியாவுக்கு வந்தது அல்லாஹ்வ வணங்கத்தான். அத விட்டுட்டு பூனை, கிணறு எண்டு என்ன கதை?" நெய்னார் சண்டைக்குப் போகவில்லை. "ஓம் ஹாஜியார், வணங்கத்தான் வந்தோம். ஆனா ஆளுக்கு ஒரு மாதிரித்தானே வாழ்ந்துட்டுப் போறாங்க." உடப்பில் பூ விற்கும் கனகம்மாவின் கட்சி வேறு. "எடுத்த பிறவியை ஒருமாதிரிக் கழிச்சிட்டுப் போறதுதான். இதுக்கு வசனம் வேறயா?" அவருக்கும் ஓம். வீட்டில் சுல்பா இன்னும் சுருக்கமாக முடித்துவிடுவார். "அடுத்த வேளைக்கு உலையில அரிசி போடத்தான் வாழ்றது. இந்த மனுசனுக்கு வேற வேலை இல்ல." சுல்பாவின் கையால் சாப்பிட்டவன் என்பதால் எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு. நெய்னார் எல்லோருக்கும் ஓம் சொல்வார். கேள்வியை மட்டும் விடமாட்டார்.

ஏன் விடுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தொண்ணூறுல முஸ்லிம் ஆக்கள் எங்கள எல்லாம் மன்னார விட்டு வெளிக்கிடச் சொல்லி இயக்கம் விரட்டினிச்சு. இங்க வந்து ஒரு ஓலைக் கொட்டில்ல வாப்பா கண்ண மூடி மௌத்தாப் போனார். மைக்கில என்ன சொன்னாங்க தெரியுமா? 'அகதி ஒருத்தர் மௌத்து.' அவ்வளவுதான். வாப்பா தோணிக்கு நிறம் அடிச்சா அடுத்த ஊர்ல இருந்தும் வந்து பாப்பாங்க. அது ஒருத்தருக்கும் தெரியாமப் போயிட்டு." அவர் துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் ஒரு வசனம் உண்டு என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. போன மாதம் மாம்புரியில் பஸ்தியான் செத்தபோது அதற்குச் சோதனை வந்தது. அன்று நான் அவருடைய ஓட்டோவின் பின்சீட்டில் இருந்தேன்.

பஸ்தியான் கடல்தொழில் செய்தவர். பிறகு குடி மட்டும்தான் தொழில். மனைவி எப்போதோ போய்விட்டாள். இருப்பது ஒரே மகள் சுஜீவா, கல்பிட்டி ஹோட்டலொன்றில் வேலை செய்பவள். வாசலில் நின்ற நெய்னாருக்கு அவள் அழாமலே பதில் சொன்னாள்.

"பேரையும் அடக்கத்தையும் சொல்லுங்க நானா, போதும். குடிச்சார், வள்ளத்தை வித்தார், செத்தார். அவர் என்னத்துக்கு வாழ்ந்தார் எண்டு எனக்கே தெரியாது."

பக்கத்து வீட்டு அல்பிரட் ஓட்டோ வரைக்கும் கூடவே வந்தார். "எல்லாருக்கும் உதவி செய்த நல்ல மனுசன் எண்டு போட்டு விடுங்க நானா. ஆர் கேக்கப் போறாங்க?"

"அப்ப அது வேற ஆரோ செத்ததாப் போயிரும்" என்றார் நெய்னார்.

அன்று கற்கண்டு போட்டுக்கொள்ளவில்லை. கடற்கரைப் பக்கமாக ஓட்டோவை விட்டார். "மாம்புரியைச் சேர்ந்த பஸ்தியான் அவர்கள் காலமானார்." அதற்குப் பிறகு மைக்கை வாயருகே பிடித்தபடியே பேசாமல் இருந்தார். ஒலிபெருக்கியில் எஞ்சினின் உறுமல் மட்டும். மீன் பையோடு நின்ற பெண்ணொருத்தி, அடுத்து என்ன வரப்போகிறது என்று நிமிர்ந்து பார்த்தாள். "அன்னாரின் நல்லடக்கம் நாளை பிற்பகல்" என்று முடித்தார். ஒவ்வொரு சந்து ஒழுங்கையிலும் இதே கதை. அவர் கை வியர்த்து, மைக் வழுக்குவதைப் பார்த்தேன். இத்தனை வருடம் நம்பியது பொய்யா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார் என்று எனக்குப் பட்டது. பாவமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் சுஜீவா நடு வீதியில் வந்து மறித்தாள். அல்பிரட் அவள் பின்னால் நின்றார்.

"ஏன் நானா நடுவில நிப்பாட்டுறீங்க? இங்க வரைக்கும் கேக்குது."

"அது உங்கட அப்பாட இடம் மகள். வேற ஒண்டும் போட ஏலாது."

திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா போனதுக்குப் பிறகு அவர்தான் எனக்குத் தலை பின்னிவிட்டவர்" என்றாள். "வலைக்குப் போடுற முடிச்சைத்தான் போடுவார். அவருக்கு அதுதானே தெரியும். பள்ளிக்கூடத்தில எல்லாரும் சிரிப்பாங்க. பின்னேரம் அவிழ்க்க ஏலாம நான் அழ, அவரே இருந்து ஒவ்வொண்டா அவிழ்த்து விடுவார். அந்த நேரம் மட்டும் குடிச்சிருக்க மாட்டார்."

நெய்னார் மைக்கைச் சட்டை நுனியில் துடைத்து அவளிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க மகள்."

அவள் வாங்கி, வாயருகே கொண்டு போனாள். "எங்கட அப்பா..." என்று தொடங்கினாள். குரல் எழும்பவில்லை. எஞ்சின் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

தள்ளுவதற்கு நானும் அல்பிரட்டும் மட்டும்தான் இருந்தோம். நெய்னார் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.