பார்மட் பண்ணாத வகிதா

உத்திரமேரூரில் வீடியோ கடை வைத்திருந்த வகிதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறவள் பக்கத்து ஊரான பெருநகரைச் சேர்ந்த பவளம்.

மகள் கல்யாணம் முடிந்த மாதமே பவளத்தின் கணவர் வீராசாமி இறந்துபோனார். கல்யாண வீடியோவை எடுத்தவர்கள் சென்னையில் ஆப்பிள் மேக் கணினியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பதிந்து கொடுத்திருந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்க அதை வகிதா கடைக்கு எடுத்து வந்தாள் பவளம். வகிதாவின் விண்டோஸ் கணினிக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்து பார்மட் செய்யட்டுமா என்று கேட்டது.

"காலி டிஸ்க்குதான் கீது, பண்ணிடலாம்" என்று மவுஸைப் பிடித்தார் அவள் கணவர் பாட்சா.

"கைய எடுங்க! அதுக்குப் படிக்கத் தெரிலன்னா, உள்ள ஒண்ணும் இல்லன்னு ஆயிடுமா?" என்று சீறினாள் வகிதா.

மறுநாள் வகிதாவே சென்னைக்கு பஸ் ஏறி, இரண்டு வகைக் கணினியும் படிக்கிற டிஸ்க்கில் மாற்றி வந்தாள். திரையில், பந்திக்கு இன்னும் சாம்பார் வரவில்லை என்று வீராசாமி கத்திக்கொண்டிருந்தார்.

"நல்லா கத்துய்யா" என்றாள் பவளம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.