துப்பாக்கி வாங்கப் புறப்பட்ட சங்கம்

போன ஞாயிறு மத்தியானம், எங்கள் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு மண்டபத்தில், துப்பாக்கி கொண்டுவந்த பெண் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

சரியாகத்தான் வாசித்தீர்கள். துப்பாக்கி... பொன்னாடை... முன்வரிசையில் நாட்டிய உடுப்போடு சின்னப் பிள்ளைகள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆகவே இந்தக் கிழமைப் பத்தியைக் கொஞ்சம் உரத்த குரலில்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பகுதியில் கோடையில் தெருவில் வெடிச் சத்தம் கேட்டது. சுட்டவர்களும் இளம் பிள்ளைகள், காயப்பட்டவர்களும் இளம் பிள்ளைகள். எல்லோரும் பயந்துபோனோம். அந்தப் பயத்தில் நம்மவர் சங்கம் ஒன்றுக்கு யோசனை பிறந்தது – வீட்டில் இருக்கும் துப்பாக்கியைக் கொண்டுவந்து தாருங்கள், பலசரக்குக் கடைக் கூப்பன் தருகிறோம், நீங்கள் யார் என்று கேட்கமாட்டோம். வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் பறந்தது. சிறப்பு விருந்தினர் நான்!

சங்கத் தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"பொலிஸிட்டைக் கேட்டனீங்களோ?"

"என்னக்கா நீங்கள்... அரசாங்கமே துப்பாக்கியளைத் திருப்பி வாங்குது. நாங்கள் வாங்கினால் என்ன பிழை? நல்ல காரியம்தானே!"

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள் என்பதற்காகச் சங்கச் செயலாளரும் ஊசி போடலாமா என்று கேட்டேன். சிரித்தார்.

"பயப்பிடாதேங்கோ அக்கா, ஒருத்தரும் கொண்டுவரமாட்டினம். இது சும்மா ஒரு விழிப்புணர்வு."

அதாவது – மேடை, மைக், படம், மிக்சர், தேநீர். துப்பாக்கி வராத துப்பாக்கித் திட்டம். அந்தத் தைரியத்தில்தான் நானும் போனேன்.

ஆனால் வந்ததே!

திரைச்சீலைக் கம்பி வாங்கும்போது தருவார்களே, அந்த நீளமான அட்டைப் பெட்டி. அதை அணைத்துப் பிடித்தபடி ஒரு பெண் உள்ளே வந்தார். விமலா என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ், பக்கத்து சீட்டில் யார் யாரோ, மடியில் வேட்டைத் துப்பாக்கி!

அவருடைய கணவர் போன வருடம் காலமானார். தொழிற்சாலையில் கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரர்களோடு இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர். லைசென்ஸ் வைத்திருந்தவர். அவர் போன பிறகு, நிலவறை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது துப்பாக்கி அகப்பட்டது. விமலாவின் பிழைப்பு என்ன தெரியுமா? கார்டெரி. மற்றவர்களின் குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்துப் பராமரிக்கிறார். மேலே குழந்தைகள் தவழுகின்றன. கீழே அலுமாரியில் துப்பாக்கி. அதிகாரிகளுக்குத் தெரிந்தால் கார்டெரி அனுமதி போய்விடும், சோற்றுக்கு வழியும் போய்விடும் என்று நடுங்கியிருக்கிறார்.

பொலிஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். நாங்கள் எங்கிருந்து வந்தவர்கள்? வீட்டில் ஆயுதம் இருக்கிறது என்று சீருடை போட்டவரிடம் போய்ச் சொன்னவர் திரும்பி வந்த கதை யாருக்காவது தெரியுமா? அந்தப் பயம் விமானம் ஏறி எங்களோடேயே வந்துவிட்டது. 'யார் என்று கேட்கமாட்டோம்' என்று தமிழில், நம்மவர்களே எழுதியதும் விமலா நம்பிவிட்டார்.

தலைவர் என்ன செய்தார்? பெட்டியைப் பிரித்தார். துப்பாக்கியை ஒற்றைக் கையால் தூக்கினார். படம் எடுக்க வசதியாகத் திரும்பினார். குழல் முன்வரிசைப் பிள்ளைகளின் தலைக்கு நேரே ஒரு சுற்றுச் சுற்றியது! "கீழை வையுங்கோ!" என்று நான் கத்திய சத்தத்தில் மைக் கீச்சிட்டது. அதற்குள் பொருளாளர் விமலாவின் தோளில் பொன்னாடையைப் போட்டுவிட்டார். "எங்கட முதலாவது துணிச்சல்காரி!" கைதட்டல். படம். அந்த நிமிடமே வாட்ஸ்அப்பில், முழுப் பெயரோடு.

யார் என்று கேட்கமாட்டார்களாம். கேட்கவில்லைதான். ஊருக்கே சொல்லிவிட்டார்கள்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எனக்கு ஒரு வழக்கறிஞர் சிநேகிதி இருக்கிறாள். வெளியே ஓடிவந்து அவளுக்குப் போன் அடித்தேன். நடந்ததை முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"புருசனிட்டை லைசென்ஸ் இருந்தது, சரி. அது அவரோடை போச்சுது. வீட்டிலை வைச்சுக்கொண்டு பொலிஸுக்கு போன் பண்ணியிருந்தால் அவையே வந்து எடுத்திருப்பினம். பஸ்ஸிலை கொண்டுவந்தது பிரச்சினை. லைசென்ஸ் இல்லாமல் அதைக் கையிலை வாங்கினது அதைவிடப் பெரிய பிரச்சினை."

"அப்ப, தனியார் இப்படி ஒரு திட்டம் நடத்தவே ஏலாதோ?"

"ஏன் ஏலாது? கூப்பனை நீங்கள் குடுங்கோ. துப்பாக்கியைத் தொடுறது பொலிஸா இருக்கவேணும், இல்லாட்டி அதுக்கு லைசென்ஸ் உள்ள வியாபாரியா இருக்கவேணும். முதலே கதைச்சு அவையளை மேசையடியிலை இருத்தியிருக்கவேணும். நல்ல மனசு இருந்தால் காணும் எண்டு சட்டத்திலை எங்கயும் இல்லை."

ஒரு போன். ஒரே ஒரு போன் எடுத்திருந்தால் போதும். சங்கத்தில் டொக்டர் இருக்கிறார், என்ஜினியர் இருக்கிறார், கணக்காளர் இரண்டு பேர். மண்டபத்துக்கு எந்த நிறத்தில் பலூன் கட்டுவது என்று மூன்று கூட்டம் போட்டவர்கள், இதை யாரிடமும் கேட்கவில்லை.

"படம் பொலிஸிட்டைப் போக முதல் அவவே கூப்பிடுறதுதான் நல்லது," என்றாள் சிநேகிதி. உள்ளே போய் விமலாவிடம் அதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். "அக்கா, பிள்ளையளை என்னட்டை விடுவினமோ?" என்றார். பிறகு அவரே போனை எடுத்து, பொலிஸை அழைத்து, கார்டெரியில் பழகிய பிரெஞ்சில், எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார்.

இரண்டு பொலிஸார் வந்தார்கள். ஒருவர் இளம் பெண். மரியாதையாகத்தான் பேசினார். துப்பாக்கியைத் திறந்து பார்த்தார். காலி. "இதைத் தூக்கிக் காட்டுவதற்கு முன் குண்டு இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டார். அடுத்த கேள்வி: "இந்த நிகழ்ச்சியை ஒழுங்கு செய்தது யார்?"

மண்டபத்தில் இருந்த நிர்வாக சபை முழுவதற்கும் திடீரென்று சமையலறையில் வேலை வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர் தலைவர் மட்டும். அவர் என்ன சொன்னார் தெரியுமா? விமலாவைக் காட்டி, "நாங்கள் கொண்டுவரச் சொல்லேல்லை. அவதான் தானாக் கொண்டுவந்தவ."

பின்சுவரில் ஆளுயர நோட்டீஸ். 'துப்பாக்கியைத் தாருங்கள்.' தமிழில் இருந்தபடியால் தப்பிவிடலாம் என்று நினைத்தார். நான் விடவில்லை. ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன்.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விசாரணை அதிகாரி அழைப்பார் என்றார்கள். இதை எழுதும்வரை அழைப்பு வரவில்லை. ஆனால் படம் போகவேண்டிய இடமெல்லாம் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஒரு தாய் தன் குழந்தையைக் கார்டெரியிலிருந்து நிறுத்திவிட்டார். புதன்கிழமை இன்னொருவர். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் விமலா பதறுகிறார்.

நேற்றுத் தலைவர் கூப்பிட்டார்.

"அக்கா, இதைப் பத்தியிலை எழுதிப்போடாதேங்கோ. சங்கத்தின்ர பேர் கெட்டுப்போகும்."

"விமலாவோடை கதைச்சனீங்களோ?"

"அது... அவவின்ர சொந்தப் பிரச்சினை எல்லோ அக்கா."

போனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நல்ல காரியம் செய்யுங்கள், ஐயா. தாராளமாகச் செய்யுங்கள். கைதட்டும்போது மேடையில் நின்றவர்கள் பொலிஸ் வரும்போதும் அங்கேயே நில்லுங்கள் – அதற்கு எந்த நாட்டிலும் லைசென்ஸ் தேவையில்லை.