பூங்கோதை அக்காவும் இரண்டாவது பிராசசரும்

அலுவலக ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது மல்லசமுத்திரத்திலிருந்து பூங்கோதை அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சாமி" என்றார். பாதி ஏறிய ஷட்டரை அப்படியே இறக்கிவிட்டேன்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு வரைபடம் போட்டுத் தரும் அலுவலகம் எங்களுடையது. இரண்டே பேர். அக்கா கம்ப்யூட்டரில் வரைவார். வரைந்தது பாரம் தாங்குமா என்று நான் கணக்கு ஓட்டிப் பார்ப்பேன்.

பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதும் சேலத்துக்குப் போனோம். ஒரு பிராசசர் போதுமா, இரண்டு உள்ளதை வாங்கலாமா என்பதில் எங்களுக்குக் குழப்பம்.

"ரெண்டுன்னா ரெண்டு மடங்கு வேகம் மேடம்" என்றார் கடைக்காரர்.

அக்கா பென் டிரைவை நீட்டினார். "எங்க படத்தத் தொறந்து காட்டுங்க, பாப்போம்."

ஒரு பிராசசர் உள்ளதிலும் இரண்டு உள்ளதிலும் படம் ஒரே நேரத்தில்தான் திறந்தது.

"ஏனுங்க, ஒண்ணு வேலை செய்யுது, இன்னொண்ணு புதுமாப்பிள்ளையாட்டம் உக்காந்திருக்குதுங்களே!"

கடையே சிரித்தது. பிறகு அக்கா என் கணக்கை ஓட்டச் சொன்னார். இரண்டு பிராசசரில் அது ஏறக்குறைய பாதி நேரத்தில் முடிந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு போதும். உனக்குத்தான் ரெண்டு வேணும் கண்ணு. ரெண்டு போடற போர்டா வாங்கி, இப்ப ஒண்ண மட்டும் போடுவோம். எடம் இருக்கட்டும்."

"எனக்காக எதுக்குங்கக்கா?"

"நான் கோடு போட்டா வண்டி பாரம் தாங்கிருமா? நீ கணக்குப் பாத்தாத்தான் தாங்கும்."

அடுத்த பெரிய வேலை வந்ததும் இன்னொன்றை வாங்குவதாக இருந்தோம். அதற்குள் அக்காவுக்கு நோய் வந்துவிட்டது. மருத்துவமனையில் மூச்சிரைக்கக் கேட்டார்: "ரெண்டாவதப் போட்டுட்டியா?"

"நீங்க வாங்கக்கா, சேந்து போய் வாங்கலாம்."

"வாரேன், வாரேன். அந்தக் கடைக்காரர்கிட்ட இன்னொருக்கா வம்பு வளக்கோணுமில்ல."

காரியம் முடிந்து அலுவலகத்தைத் திறந்தவுடன், தூசு தட்டலாமென்று கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றினேன். இரண்டாவது பிராசசரின் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதை ஒட்டிய மெமரி இடங்களும் காலி. அந்தப் பிராசசர் வராமல் அங்கே எதைச் செருகினாலும் வேலை செய்யாது என்று கடைக்காரர் அன்றே சொல்லியிருந்தார்.

இனிமேல் கோடும் நான்தான், கணக்கும் நான்தான். இன்னொன்றை வாங்கிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும்; தெரியும். மூடியில் விரலை வைத்தேன். அதை எடுக்க மனம் வரவில்லை. மேலிருந்த தூசை மட்டும் துடைத்துப் பெட்டியை மூடினேன்.

வாரேன் என்றீர்களே, அக்கா. எடம் இருக்கட்டும்.