ஒரு வண்டிக்கு ஒரு நாற்காலி

தையலக்காவுக்குக் கால்தான் வராது. வாய் எட்டூருக்குக் கேட்கும். கடல் தாண்டி வந்த ஊரில் சக்கர நாற்காலியோடு பஸ் ஏறிப் போய், துணிக்கடையின் பின்னறையில் பேண்ட் அளவு குறைத்துக் கொடுத்துத் தன் சோற்றைத் தானே சம்பாதித்தாள். "வீட்டோட இருங்களேன்க்கா" என்று தம்பி சொன்னால், "எதுக்கு? காப்பிக்குக்கூட உன் பொண்டாட்டி முகத்தைப் பார்க்கவா?" என்பாள்.

பஸ்ஸில் சக்கர நாற்காலிக்கு ஒரே இடம்தான். அக்காவின் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே ஒரு தொப்பித் தாத்தா தன் நாற்காலியோடு ஏறி உட்கார்ந்துவிடுவார். டிரைவர் கையை விரிப்பார். அக்கா அடுத்த வண்டிக்குக் காத்துக் கிடப்பாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், திறந்த கதவு வழியே தமிழில் பொரிந்து தள்ளினாள்: "யோவ், நீ போய்ச் சேர்ந்தாத்தான்யா எனக்கு விடிவு." தாத்தாவுக்கு என்ன புரியும்? தொப்பியைத் தூக்கி மரியாதையாகத் தலையாட்டினார்.

அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார். வழக்கமான டிரைவர் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. பாழாய்ப்போன கருநாக்கு, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் வண்டியில் புது டிரைவர். "இடமில்லைம்மா, அடுத்த வண்டியில வாங்க."

"காலியாத்தானே இருக்கு?"

அவர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "தொப்பி போட்ட பெரியவர் இருக்காரே" என்று கதவை மூடினார். அன்றும் தாமதம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலை கிடையாது என்று முதலாளியம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

விடிந்ததும் அக்கா மழையில் உருட்டிக்கொண்டு முந்தின நிறுத்தத்துக்கே போனாள். முதல் ஆளாக ஏறி அந்த இடத்தைப் பிடித்தாள். அப்பாடா என்றிருந்தது. அவளுடைய நிறுத்தம் வந்தது. வண்டி நின்றது. கதவு திறந்தது.

"இடமில்லை ஐயா, அடுத்த வண்டியில வாங்க" என்றார் அதே டிரைவர், வெளியே பார்த்து.

வெளியே ஒரு ஈ காக்கை இல்லை. ஈரத் தரையில் இரண்டு சக்கரத் தடங்கள் மட்டும் வாசல்வரை வந்து நின்றிருந்தன.

பயந்துதான் போனாள். பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. ஒரு மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, இப்போது அவர் இடத்தையும் பிடுங்குவதா? வேலை போனால் போகட்டும் என்று இறங்கும் பொத்தானை அழுத்தினாள். நாற்காலி இறங்குவதற்கான சாய்வுப் பலகை வழியே கீழே வந்து, வெறும் காற்றைப் பார்த்து, "ஏறிக்கோங்க தாத்தா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். வண்டி போயிற்று. வேலையும் அதோடு போயிற்று.

வெகுநேரம் கழித்து அடுத்த வண்டி வந்தது. அதில் இருந்தவர் வேறொரு டிரைவர். பலகையை இறக்கியவர் அவளையும் அவள் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒருத்தருக்குத்தான் இடம். ரெண்டு பேர்ல யாரு வர்றீங்க?"

அக்கா பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பினால்தானே.

"ஏறுங்கம்மா" என்றார் டிரைவர். "தொப்பியைத் தூக்கி உங்களைத்தான் முதல்ல போகச் சொல்றார்."

தையலக்காவுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.